வேலி தாண்டிய பந்து

ஷார்ஜா, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு லீமா எழுதுவது. நான் சுகம். உங்கள் கால் வீக்கம் வற்றியதா? ஜிதின், அம்மா எங்கே என்று சண்டை போடாமல் பள்ளிக்கூடம் போகிறானா?

வெள்ளிக்கிழமை பேஸ்பால் ஆட்டத்தில் நான் அடித்த பந்து மைதானத்து வேலிக்கு வெளியே போய் விழுந்தது. எங்கள் மீன் சந்தைப் பெண்கள் அணியில் இதுவரை ஒருத்தியும் அப்படி அடித்ததில்லை.

இந்த ஆட்டத்திலும் சொதப்பினால் என்னை நீக்கிவிடுவதாக இருந்தார்கள். மீன் பெட்டி தூக்குகிற கைக்கா பலம் இல்லை என்று எனக்கு ஒரே ஆத்திரம். என் கடையில் வேலைக்கு நிற்கும், நம்மூர்ப் பக்கத்துக் காரோடு கிராமத்து ஸ்டெஃபிதான் முதலில் கண்டுபிடித்தாள். "எக்கா, நீ பந்தையா அடிக்கே? கரமடியில்லா இழுக்கே! பின்னால சாயாத."

உண்மைதான். சின்னதில் உங்களோடு பொழியூர் கரையில் நின்று கரமடி வலை இழுத்த உடம்பு, பலம் பிடித்தாலே பின்னால் சாய்கிறது. பயிற்சியாளர் குளோரியா, மணிலாக்காரி, பாரம் சுமந்து உட்கார்ந்து எழ வைத்தாள். கனமான பந்தை இடுப்பைத் திருப்பிச் சுவரில் எறிய வைத்தாள். கால் பலம் நீங்கள் தந்ததாக்கும். அதை முன்னால் திருப்பிவிட்டது அவள்.

முதுகில் லேசான பிடிப்பு, பயப்பட வேண்டாம். யாராவது வந்தால் முறிவெண்ணெய் கொடுத்துவிடுங்கள். முதுகு முழுக்க என் கை எட்டாது, அதனால் சின்னக் குப்பி போதும்.

மீன் வண்டி வந்துவிட்டது. ஜிம்முக்குப் பணம் கொட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். குளோரியாவோடு பேசி முடித்தது இதுதான்: வருஷம் முழுக்கப் பயிற்சி அவளுடையது, வெள்ளிதோறும் இரண்டு கிலோ சூரை மீன் என்னுடையது. தலையும் வாலும் சேர்த்துத்தான் நிறுவை.