கண்ணாடிக் குழாயும் பிலாத்துவின் குரலும்

சவேரியார்பட்டி, ஆவூர் வழி
தவக்காலம் நான்காம் ஞாயிறு

அன்பு மகள் பாத்திமாவுக்கு அப்பா எழுதுவது,

நான் கேட்ட எல்.டி.ஆர்களை, வெளிச்சத்தை உணரும் அந்தச் சின்னச் சாமான்களை, நீ உன் மாமனாருக்கு அனுப்பிவிட்டாய். இதைச் சொல்லிவிட்டுத்தான் என்னால் நலம் விசாரிக்க முடிகிறது. இங்கே நானும் அம்மாவும் ஆண்டவர் தயவில் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே பின்லாந்துப் பனியில் உனக்கும் மாப்பிள்ளை ஜெரோமுக்கும் சளி பிடிக்கக் கூடாது என்று மாலைச் செபத்தில் சொல்லிக்கொள்கிறோம். போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே உன் அம்மா சூசைமேரி போனைப் பிடுங்கி ஊறுகாய் வந்து சேர்ந்ததா என்று கேட்க ஆரம்பித்துவிடுகிறாள், அதனால்தான் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

நம் ஊர் பாஸ்கா நாடகத்தில் சிலுவையில் அறையும் என்று கூட்டம் கத்தும்போது ஸ்பீக்கர் கிழியாமல் இருக்க நான் செய்து வைத்த பெட்டியை நீ அறிவாய். சத்தம் ஏறினால் உள்ளே இருக்கும் சின்ன எல்.இ.டி பிரகாசமாகும், அந்த வெளிச்சம் பட்டு எதிரே இருக்கும் எல்.டி.ஆரின் மின்தடை குறையும், மிச்சச் சத்தம் அந்த வழியாக எர்த்துக்குப் போய்விடும், யாரும் குமிழைத் திருக வேண்டாம். எனக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை, பொருளைக் கெடுத்துக் கெடுத்துத்தான் கண்டுபிடித்தேன். பழைய எல்.டி.ஆர் இப்போது மந்தமாகிவிட்டது, கூட்டம் அடங்கிய பிறகும் இயேசுவின் முதல் வார்த்தை அமுங்கிப் போகிறது, சுறுசுறுப்பானதாக நாலு அனுப்பு என்று பொங்கலுக்கு முன்பே கேட்டேன். நீ ஒரு பொட்டலம் நிறைய வாங்கி, ஊருக்கு வந்த ஆள் கையில் கொடுத்து, கீரனூரில் உன் மாமனார் மரியசெல்வத்தின் அரிசிக் கடையில் இறக்கச் சொல்லியிருக்கிறாய். கேட்டதற்கு, மாமாவுக்கு இப்பத்தான் ஆசை வந்துருக்கு, ஒங்ககிட்டத்தான் ஏற்கனவே இருக்கேப்பா என்றாய். ஏற்கனவே சாப்பிட்டவன் என்று அப்பனுக்கு இலை போடாமல் விடுவாயா?

முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு சம்பந்திக்குப் பொழுது போகவில்லை, சால்ட்ரிங் அயர்ன் பிடித்து என்னுடையதைப் போலவே ஒரு பெட்டி செய்கிறார், செய்யட்டும். ஆனால் கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம், இது எங்க மருமக அனுப்புன பின்லாந்து சரக்கு, புதன்கிழமையானா வீடியோவுல வந்து சொல்லித் தருது என்கிறார். எனக்கு ஞாயிறு பூசை முடிந்து கொஞ்ச நேரம்தான் பேசுகிறாய், அதிலும் பாதி ஊறுகாய்க்குப் போய்விடுகிறது. பாஸ்காக் குழுவினரும் இந்த வருஷம் கீரனூர்ப் பெட்டியை வைத்துப் பார்ப்போம் என்று என்னிடமே வந்து சொன்னார்கள். ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் என்னுடையது, பெட்டி மட்டும் அவருடையதாம்.

இன்று மதியம் ஒத்திகை. எல்.இ.டியையும் எல்.டி.ஆரையும் கருப்பு ரப்பருக்குள் அடைக்காமல் கண்ணாடிக் குழாயில் வைத்து, பெட்டியின் தலையிலேயே நிறுத்திக் கொண்டுவந்திருக்கிறார், பேசப் பேச விளக்கு ஆடுவதை ஊர் பார்க்க வேண்டுமாம். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. வெயில் பட்டால் எல்.டி.ஆருக்கு அதுவும் வெளிச்சம்தான். பிலாத்துவாக நடிக்கும் நம் தெற்குத் தெரு ராக்கன் தீர்ப்புச் சொல்ல வாயைத் திறந்தான், கிணற்றுக்குள் இருந்து பேசுவதுபோல் கேட்டது. யாரோ குடையோடு வந்து பெட்டி பக்கத்தில் நின்றதும் கர்ஜித்தான், குடை நகர்ந்தது, மறுபடி முனகினான். சம்பந்தி மைக்கைத் தட்டித் தட்டிப் பார்த்தார். ராக்கன் கிரீடத்தைக் கழற்றி விசிறிக்கொண்டு என்னைப் பார்த்து, அண்ணே, நான் கத்துறேன், வெயிலு என் வாயைப் பொத்துது என்றான். கூட்டம் சிரித்தது, சம்பந்தி சிரிக்கவில்லை, மருமக கண்ணாடியே போதும்னுச்சே என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

ஆக, அதுவும் நீ சொன்னதுதான். மத்தியானமே விளக்குப் போடுகிற ஊரில் இருந்துகொண்டு சோதித்தால் கண்ணாடி நன்றாகத்தான் வேலை செய்யும். எல்.டி.ஆரை விரலால் மூடினால் சத்தம் ஏறும் என்று என் மேஜையில் மூடி மூடிப் பார்த்தவள் நீ, எப்படி மறந்தாய்? சொல்லிட்டு வாங்களேன், வாயா தேஞ்சுரும் என்று அம்மா என் முதுகில் கிள்ளினாள். என்னை யாரும் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை, இனியும் நானாகச் சொல்லப் போவதில்லை.

அதனால் நடக்க வேண்டியதைக் கேட்டுக்கொள். கண்ணாடி சரிப்படாது என்று உன் மாமாவிடம் நீதான் சொல்ல வேண்டும், நான் எழுதினேன் என்று சொல்லக் கூடாது. கருப்பு ரப்பர் கேட்டு அவர் என் வீட்டுப் படி ஏற வேண்டும். சைக்கிள் டியூபில் அவருடைய குழாய் அளவுக்கே வெட்டி வைத்திருக்கிறேன், அதை மாட்டித் தருவது என் வேலை. அவருக்குக் காப்பி கொடுப்பது அம்மா வேலை. அந்தப் பெட்டியே மேடை ஏறட்டும், வயரை மட்டும் நான்தான் செருகுவேன். நீ சால்ட்ரிங் வைக்கும்போது புகை போக ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லி மாப்பிள்ளை உன்னைக் கவனிக்க வேண்டும்.

ஆரோக்கிய மாதா உங்கள் இருவரையும் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும். நீ செய்ய வேண்டியது இன்னும் ஒன்று பாக்கி. தனியாக ஒரு பொட்டலம் அனுப்பு. உள்ளே எல்.டி.ஆர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மேலே உன் கையெழுத்தில் என் பெயர் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஜெபமாலை