முதுகு தேய்க்க ஆளில்லை

நூர்மெஸ்,
மார்ச், ஞாயிறு மதியம்.

அன்புள்ள ஹெல்வி அக்காவுக்கு,

உன் தங்கை ஐலா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம் என்று எழுத ஆசைதான். நீயும் பிள்ளைகளும் கோத்தன்பர்க்கில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று திட்டாதே. உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன்.

ஏரி இன்னும் கெட்டியாக உறைந்து கிடக்கிறது. ஊரில் பாதிப் பேர் பனியில் துளை போட்டுத் தூண்டிலோடு உட்கார்ந்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் ரெய்யோ மட்டும் சோபாவில் சாய்ந்துகொண்டு, எங்கேயோ எவனோ மீன் பிடிப்பதைக் கைப்பேசியில் பார்க்கிறார். "ஏங்க, வாசல்லயே ஏரி கிடக்குதே" என்றேன். "குளிருதுடி" என்கிறார். சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா? காகித ஆலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கூட வேலை பார்த்தவர்கள் பரிசாகக் கொடுத்த சனியன் அந்தக் கைப்பேசி. சாப்பிடும்போதும் தட்டுக்குப் பக்கத்தில் அதுதான். ஒரு நாள் வேண்டுமென்றே கஞ்சியில் உப்புப் போடாமல் வைத்தேன். நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டார்.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். சனிக்கிழமை சௌனாவில், அந்த நீராவிக் குளியல் அறையில், நடப்பதுதான் பொறுக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சூட்டில் உட்கார்ந்துதான் எங்கள் பேச்செல்லாம். சண்டை போட்ட வாரத்திலும் என் முதுகை அவர் தேய்ப்பார், அவர் முதுகை நான் தேய்ப்பேன். இப்போது, உள்ளே கொண்டுபோனால் சூட்டில் கைப்பேசி கெட்டுவிடுமாம். அதனால் வெளியே உடை மாற்றும் அறையிலேயே உட்கார்ந்துவிடுகிறார். "நீ போ, இதோ வந்துடறேன்" என்பார். அடுப்புக் கல் ஆறும்வரை காத்திருந்துவிட்டுத் தனியே குளித்து வருவேன். போன கோடையிலிருந்து இப்படித்தான்.

இனிமேல் எழுதுவதைப் பயப்படாமல் படி, அக்கா. போன மாதம் என் உள்சட்டையில் ரத்தப் பொட்டு பார்த்தேன். முதுகில் கை எட்டாத இடத்தில் ஒரு மச்சம் கறுத்துத் தடித்திருக்கிறது. சுகாதார நிலையத்து நர்ஸ் பார்த்துவிட்டு, "இது ரொம்ப நாளா வளர்ந்திருக்கே, வீட்ல யாரும் பாத்துச் சொல்லலையாம்மா?" என்று கேட்டாள். "வீட்ல நான் மட்டும்தான்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு எனக்கே தூக்கிவாரிப்போட்டது. ஆனால் மாற்றிச் சொல்ல வாய் வரவில்லை.

மாதக் கடைசி செவ்வாய்க்கிழமை யோயென்சூ ஆஸ்பத்திரியில் அதை வெட்டி எடுத்து, புற்றா இல்லையா என்று பார்க்கப் போகிறார்கள். கூட ஒருவர் வர வேண்டுமாம். அவரிடம் சொன்னேன். "சரி சரி, பாத்துக்கலாம்" என்றார், கண்ணை எடுக்காமலே. ஆத்திரத்தில் அலமாரிக் கதவை அடித்துச் சாத்தினேன். "வெளிய காத்து அடிக்குதா?" என்று கேட்டார். பக்கத்தில் மனிதர் இருக்கும்போதே இவ்வளவு தனியாக இருக்க முடியும் என்று எனக்குத் தெரியாது. பயமாக இருக்கிறது, அக்கா.

நீ கிளம்பி வர வேண்டாம். உன் முழங்கால் படுத்தும் பாடு எனக்குத் தெரியும். ஒரே ஓர் உதவி செய். நீ அனுப்பும் செய்தி என்றால் அவர் உடனே திறந்து பார்ப்பார். "ஐலாவுக்கு முதுகில் ஆபரேஷன், செவ்வாய்க்கிழமை காலை, கூடப் போங்கள்" என்று அவருக்கு ஒரு வரி தட்டிவிடு. நான் எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பேன், அவர் தலை நிமிர்ந்தால் தெரியும்படி.

உன் பதிலை அல்ல, அவர் முகம் நிமிர்வதை எதிர்பார்த்திருக்கும்
உன் தங்கை,
ஐலா.