ஏழாம் கேள்வி

குமாசி, 6 ஜூன் 1999

என் செல்லம் கொனாடு,

டிரைவர் போட்டெங் உன் கடிதத்தைக் கொடுத்தார். உனக்கு எழுதத் தெரிந்தது இரண்டே வரி. வியாபாரிகள் நிரப்ப வேண்டுமென்று உன் காலேஜில் கொடுத்த கேள்வித்தாள் மட்டும் நாலு பக்கம்! உன் வகுப்பில் நாற்பது பேரில் முப்பத்திரண்டு பேர், சொந்தத் தொழில் செய்கிறவர்கள்தான் அதிகம் ஏமாற்றுவார்கள், மேனேஜர்கள் தேவலை என்றார்களாமே. டை கட்டினால் யோக்கியனா? அவர்களில் ஒருத்தராவது ஒரு கூடை தக்காளி விற்றிருப்பாரா, கேள்.

ஏழாம் கேள்வி: "லாபத்துக்காக யாருக்காவது கெடுதல் செய்ததுண்டா?" இல்லை என்று பெரிதாக எழுதியிருக்கிறேன். கெடுதல் செய்கிறவளையா நம் சந்தைப் பெண்கள் இத்தனை வருஷம் தங்கள் தலைவியாக, தக்காளி ராணியாக வைத்திருப்பார்கள்?

கருவாட்டு மிளகாய்த் தொக்கு அனுப்பியிருக்கிறேன். பட்டினி கிடக்காதே.

அம்மா, அகுவா நியார்கோ


அக்ரா, 19 ஜூன்

அன்புள்ள அம்மா,

தொக்கில் முக்கால்வாசி அவூனி வயிற்றுக்குள் போனது. வடக்கே போல்கா ஊர்ப் பக்கத்துப் பையன், என் வகுப்பு. நிரப்பி வரும் கேள்வித்தாள்களை நாங்கள் இருவரும்தான் தொகுக்கிறோம்.

வியாபாரிகள்மேல் ஏன் இவ்வளவு கோபம் என்று நேற்று வாத்தியார் கேட்டார். அவூனி எழுந்தான். "எங்கப்பா தக்காளி போட்டார் சார். வாங்க வர்றோம்னு சொன்ன சந்தைக்காரங்க வரல. தானே லாரி பிடிச்சு குமாசிக்குப் போனார். 'எங்க லாரி வித்து முடியட்டும்'னு அந்த ராணி மூணு நாள் வெளியவே நிக்க வெச்சா. எல்லாம் அழுகிப்போச்சு. ஊர் திரும்பின வாரமே உயிரை மாய்ச்சுக்கிட்டார்."

"அந்த ராணி எந்த காலேஜ்ல படிச்சாளாம்?" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் அம்மா.

போன வருஷம் பிப்ரவரியாம். குமாசியில் தக்காளி ராணி ஒருத்திதானே. நீதானா?

கொனாடு


குமாசி, 23 ஜூன்

கொனாடு,

நான்தான். ஒல்லியான மனிதர். "ராணிம்மா, பாதி விலைக்காவது எடுத்துக்குங்க" என்றார். "உன்னை விட்டா நாளைக்குப் பத்து லாரி வரும், எங்க பொம்பளைங்க மண்ணையா திங்கிறது?" என்றேன். லாரியை எண்ணி உள்ளே விடுவதுதான் ராணியின் வேலை. அதில் எனக்கு வெட்கமில்லை.

ஆனால் இரண்டாம் நாள் உள்ளே ஒரு லாரிக்கு இடம் இருந்தது. என் சொந்தச் சரக்கு லாரி வழியில் பழுதாகி நின்றிருந்தது. அது வந்து சேரட்டும் என்று அவரை வெளியிலேயே வைத்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

பெரியவர்கள் இருவரைக் கூட்டிக்கொண்டு, முறைப்படி ஆடும் ஒரு புட்டி ஜின் மதுவும் எடுத்துப்போய் மன்னிப்புக் கேட்கிறேன். அந்தப் பையனின் ஊர்ப் பெயரை எழுது.

அம்மா


அக்ரா, 1 ஜூலை

அம்மா,

எழுத மாட்டேன். ஆட்டோடு பெரியவர்கள் வந்து நின்றால் அவன் அம்மா மன்னித்துத்தான் ஆகவேண்டும். அந்தக் கட்டாயமும் அவளுக்கு வேண்டாம்.

நேற்று தொகுக்கும்போது, பெயர் போடாத உன் தாளும் கைக்கு வந்தது. அவூனி வாசித்தான், நான் குறித்தேன். "ஏழு, இல்லை. பாரேன், ஒரு நல்ல வியாபாரியாவது இருக்காங்க" என்றான். பொய் என்று தெரிந்தும் 'இல்லை' என்றே குறித்துவிட்டு அடுத்த தாளை எடுத்துக் கொடுத்தேன். நானும் உன் மகள்தான்.

விடுமுறைக்கு வரமாட்டேன்.

கொனாடு


குமாசி, 15 செப்டம்பர்

கொனாடு,

போட்டெங் தொக்கை அப்படியே திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். நீ படிப்பை விட்டு, அறையையும் காலி செய்துவிட்டாயாம். எங்கே போனாய் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

இன்று முறை தவறி ஒரு லாரி வந்தது. உள்ளே விட்டேன். விலை சரிந்தது. "ராணிக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சு" என்று பெண்கள் கத்தினார்கள். லாரிக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு எதுவும் ஆறவில்லை.

அந்தத் தாளைப் புதிதாக எழுதியிருக்கிறேன். ஏழாவதுக்கு 'ஆம்'. கீழே என் பெயரும் போட்டிருக்கிறேன்.

எந்த முகவரிக்கு அனுப்ப?

அம்மா