சிவப்பு அம்புக்குறிகள் ஒட்டிய நோட்டு

உன் வருஷ திதி முடிந்த மறுநாள் உங்கம்மா ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். உள்ளே ஆறு லாங் சைஸ் நோட்டுகள். "உன்ற எழுத்துத்தான கண்ணு இது, நீயே வெச்சுக்கோ" என்றார். பையின் வாயைப் பிரித்ததும் வாசம் அடித்தது. பனியனில் எண்ணெய்க் கறை எடுக்க நாங்கள் பீய்ச்சும் மருந்தின் வாசம். எங்கள் பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் உட்கார்ந்து, சாப்பாட்டு நேரத்தில், கறை மருந்து பட்ட விரலோடு நான் எழுதிய நோட்டுகள் அல்லவா. அந்த வாசம் எனக்குத் தலைவலி தரும். நேற்று பையை மூடாமல் அப்படியே வைத்திருந்தேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் ஆராய்ச்சியைக் கெடுத்தது நான்தான். நீ உயிரோடு இருந்தபோது நேருக்கு நேர் கேட்டாய், நான் இல்லை என்றேன். இப்போது கேட்க ஆள் இல்லாதபோது ஆமாம் என்கிறேன். இதில் ஒரு பெருமையும் இல்லை.

நீ கோயமுத்தூரில் சைக்காலஜி எம்.ஏ. முடித்துவிட்டு, டாக்டர் பட்டத்துக்குப் பதிந்த கையோடு வந்து நின்ற நாள் நினைவிருக்கிறது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ப்ளஸ் டூ படித்தவர்கள் நாம். நான் அத்தோடு பனியன் கம்பெனிக்கு வந்துவிட்டேன், நீ பஸ் ஏறினாய். எதைப் பற்றி ஆராய்ச்சி என்று கேட்டேன். கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு இருக்கிறது, அதில் நாம் ஒரு ஆளாக மாறி ஊர் ஊராய்ப் போக வேண்டும், பேச வேண்டும், சண்டை போட வேண்டும், அப்படி இன்னொருத்தராக இருக்கும்போது மனுஷர் என்ன உணர்கிறார், எதைக் கற்கிறார் என்று பார்க்கப் போகிறேன் என்றாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். விளையாடினதுக்கெல்லாம் டாக்டர் பட்டம் கொடுத்தால் எங்கள் தெருவே டாக்டர்தான் என்றேன். நீயும் சிரித்தாய், ஆனால் விடவில்லை. காலேஜ் பிள்ளைகளை வைத்து எல்லாரும் செய்கிறார்கள், நான் கம்பெனி ஆட்களை வைத்துச் செய்யப்போகிறேன் என்றாய்.

உங்கள் தெருமுனைக் கம்ப்யூட்டர் சென்டர்காரர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் ஒரு மெஷினைக் கொடுத்தார். செருப்பை வாசலில் விட்டு, கால் கழுவி, கோயிலுக்குள் போவதைப் போலத்தான் எல்லாரும் அந்த ஏ.சி. அறைக்குள் போனார்கள். திரையில் வருவதெல்லாம் இங்கிலீஷ். நீ படித்துத் தமிழில் சொல்வாய், அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வார்கள், நீ பொத்தானை அழுத்துவாய். பல பேருக்குக் கம்ப்யூட்டரைத் தொடவே பயம். விளையாடி முடித்ததும் டேப் ரிக்கார்டரை வைத்துப் பேச்சைப் பதிவு செய்வாய். நான்தான் ஆள் கூட்டி வருகிறவள்.

எங்கள் டேபிள் சரசக்காவை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அந்த விளையாட்டில் வீடுகளுக்குள் புகுந்து பெட்டிகளைத் திறந்தால்தான் மருந்தும் கத்தியும் கிடைக்கும். அக்கா ஒரு பெட்டியைக்கூடத் திறக்க விடவில்லை. "ஏனுங்க, ஆருமில்லாத ஊட்டுக்குள்ள பூந்து பெட்டியத் தொறக்கறதா? நம்முளுக்கு வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டது. ஆயுதமே இல்லாமல் முதல் காட்டிலேயே நாலு முறை செத்தது. சாகிற ஒவ்வொரு முறையும் பரவாயில்லைங்க என்று உனக்கு ஆறுதல் வேறு சொன்னது. நீ வேகவேகமாக எதையோ குறித்துக்கொண்டாய். உன் முகத்தில் அத்தனை வெளிச்சம்.

அப்புறம் கட்டிங் மாஸ்டர் காதரண்ணன். அவர் குகைக்குள் போனபோது கூட வந்த ஆள் அடிபட்டு விழுந்துவிட்டான். அவனை விட்டுவிட்டு வெளியே வந்தால் ஆட்டம் தொடரும். அண்ணன் வரவில்லை. மூன்று ஞாயிறு அதே குகைக்குள் திரும்பத் திரும்பப் போய்த் தோற்றார். நான்காவது வாரம் நீ டேப்பைப் போட்டு, பயமாக இருந்ததா என்று கேட்டாய். அவர் பயமெல்லாம் இல்லை என்றார். உடனே கையெல்லாம் நடுங்கியது என்றார். அப்புறம், உள்ளே போகப் பயமில்லை, விட்டுட்டு வந்துவிடுவேனோ என்றுதான் பயம் என்றார். பின் அதுவும் தெரியவில்லை என்று தலையைச் சொறிந்தார். அவர் போனதும் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு அப்படி ஒரு சந்தோஷப்பட்டாய். எதற்கென்று எனக்குப் புரியவே இல்லை. ஒரு கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரியாத மனுஷர், இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

பேசினதை எழுதித் தர என்னைக் கேட்டாய். என் கையெழுத்து அச்சடித்தாற்போல் இருக்கும் என்று பள்ளிக்கூடத்திலிருந்தே உனக்கு ஒரு எண்ணம். "கேக்கறத அப்படியே எழுதிரு சாந்தா" என்றாய். உன்னிடம் இருந்தது ஆறு கேசட். நான் எழுதி முடித்ததும் அதிலேயே அடுத்த ஆளின் பேச்சைப் பதிவு செய்துகொண்டாய். நோட்டு இருக்கிறதே என்ற தைரியம் உனக்கு.

கேசட்டைப் போட்டுக் கேட்டபோது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எங்கள் ஆட்கள் ஒரே மூச்சில் ஆமாங்க என்கிறார்கள், இல்லீங்க என்கிறார்கள். நான் கத்தியை எடுத்தேன் என்று ஆரம்பித்து, அதே ஆளையே அவன் ஓடிட்டான் என்று முடிக்கிறார்கள். பாதி பேர் உனக்குப் பிடித்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று உன் வாயையே பார்த்துப் பேசுகிறார்கள். இதைப் பெரிய பெரிய புரொபசர்கள் படிப்பார்களாமே. படித்துவிட்டு, திருப்பூர்க்காரர்கள் மடையர்கள் என்று நினைக்கமாட்டார்களா? எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு, உனக்கும் தெரியும். பனியனில் சின்ன ஓட்டை இருந்தால் செக்கிங்கில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவோம். பிறகு ஊசியால் அறுந்த நூல் கண்ணியை எடுத்துக் கட்டி, ஸ்டிக்கரை உரித்துவிட்டு, நல்ல பீஸோடு சேர்த்து விடுவோம். கட்டினது வெளியே தெரியக்கூடாது, யாரிடமும் சொல்லவும் தேவையில்லை. அதைத்தான் செய்தேன். நோட்டில் காதரண்ணனுக்கான பக்கத்தில், எனக்குப் பயம் இல்லை, கூட இருப்பவரைக் கைவிடக்கூடாது என்று இந்த விளையாட்டிலிருந்து கற்றுக்கொண்டேன் என்று எழுதினேன். எழுதி முடித்ததும் படித்துப் பார்த்தேன், மனுஷர் தங்கமாகத் தெரிந்தார். இப்படியே ஆறு நோட்டையும் பழுதில்லாமல் முடித்துக் கொடுத்தேன்.

உனக்கு அப்போது உங்கப்பா ஆஸ்பத்திரி, தங்கச்சி கல்யாணம் என்று நிற்க நேரமில்லை. நோட்டைப் புரட்டாமலேயே வாங்கிக்கொண்டு யுனிவர்சிட்டிக்குப் போனாய். என் மேல் அத்தனை நம்பிக்கை. உன் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் கைடு படித்துவிட்டு, இத்தனை பேரும் ஒரே ஆள் பேசுகிற மாதிரி இருக்கிறதே, வீட்டில் உட்கார்ந்து நீயே எழுதினாயா என்று கேட்டாராம். கேசட் எங்கே என்றாராம். ஆறு கேசட்டிலும் கடைசியாகப் பேசினவர்கள் மட்டும்தான் இருந்தார்கள். அவர்கள் பேச்சையும் நோட்டையும் ஒத்துப் பார்த்ததும் அவருக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது. கேசட்டுகளையும் திருப்பித் தரவில்லை. நீ கேசட்டை அழித்துவிட்டு இட்டுக்கட்டினாய் என்று முடிவாயிற்று.

அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் கம்பெனி வாசலுக்கு வந்தாய். ஆட்களெல்லாம் வேனில் ஏறிக்கொண்டிருந்தார்கள். வேப்பமரத்தடிக்கு என்னைக் கூட்டிப்போய், நோட்டைப் பிரித்து ஒரு வரியில் விரலை வைத்தாய்.

"காதரண்ணன் பயமில்லைன்னுதான் சொன்னாரா சாந்தா?"

"ஆமா புள்ள."

"வேற ஒண்ணுஞ் சொல்லலியா?"

"இல்ல புள்ள. கேட்டதத்தான் எழுதுனேன்."

நீ என்னைப் பார்த்தாய். நான் வேனைப் பார்த்தேன். நோட்டை மூடிவிட்டு, "சரி, வேன் போயிரும், ஏறிக்கோ" என்றாய். அவ்வளவுதான். அதற்கப்புறம் நம் இருவருக்கும் நடுவே அந்தப் பேச்சு வரவே இல்லை. பயத்தில்தான் பொய் சொன்னேன். நீ கோபப்படுவாய் என்ற பயம்கூட இல்லை. நல்லது செய்ததாக நினைத்த காரியம் இப்படி ஆகிவிட்டதே, அதை என் வாயாலேயே எப்படிச் சொல்வது என்ற பயம்.

நீ படிப்பை விட்டுவிட்டு எக்ஸ்போர்ட் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தாய். பனியன் வாங்கும் வெளிநாட்டுப் பையர்களுக்கு ஃபேக்ஸ் அடித்துக்கொண்டு, ஷிப்மெண்ட் தேதிகளைத் துரத்திக்கொண்டு ஓடினாய். எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. தீபாவளிக்குப் புடவை எடுக்க என்னைத்தான் கூட்டிப்போனாய். ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் சென்டர் முனை வந்தால் மட்டும் எதிர்ப்பக்கம் கடந்து நடப்பாய். போன வருஷம் மஞ்சள் காமாலை என்றார்கள். பதினோரு நாள். சொல்லிவிடலாம் என்று ஆஸ்பத்திரிக்குத் தினமும் வந்தேன். இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டு, நாளைக்கு வர்றேன் புள்ள என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனேன்.

நேற்று அந்த நோட்டுகளைத் திறந்தேன். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு அம்புக்குறிகள். நான் எப்போதோ விளையாட்டாக உனக்குக் கொடுத்த ஸ்டிக்கர் பட்டை. நான் சரிசெய்த ஒவ்வொரு இடத்திலும் ஒட்டியிருந்தாய். ஒன்றுகூடத் தப்பவில்லை. நான் கட்டின கண்ணி வெளியே தெரியாது என்று நினைத்திருந்தேனே, நீ என்னைவிட நல்ல செக்கர். சில அம்புகளுக்குப் பக்கத்தில் பென்சிலில் அவர்கள் நிஜமாகச் சொன்னதை எழுதியிருந்தாய். காதரண்ணனுடையது இருந்தது, சரசக்காவுடையது பாதி இருந்தது. மீதியெல்லாம் வெறும் அம்பு. உனக்கு ஞாபகம் வரவில்லை போலிருக்கிறது. எத்தனை நாள் தனியாக உட்கார்ந்து யோசித்தாயோ. நோட்டின் நடுவே யுனிவர்சிட்டிக்கு நீ எழுதின கடிதத்தின் நகல் இருந்தது. பேச்சை எழுத்தில் எடுத்தபோது நேர்ந்த தவறு முழுக்க என்னுடையது, வேறு யாரும் இதில் சம்பந்தப்படவில்லை என்று எழுதியிருந்தாய்.

இன்றைக்குக் காலையில் நோட்டை எடுத்துக்கொண்டு போய்ச் சரசக்காவிடம் கேட்டேன். "அதெல்லாம் ஆருக்கு கண்ணு ஞாபகமிருக்குது? நல்லா இருந்துச்சு, அந்தப் புள்ள நல்ல புள்ள" என்றது. காதரண்ணன் ஈரோட்டுப் பக்கம் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். மற்றவர்கள் எந்தெந்தக் கம்பெனியில் இருக்கிறார்களோ. இருந்தாலும் அன்றைக்குச் சொன்னதை இன்றைக்கு யார் சொல்வார்கள். அந்தப் பேச்செல்லாம் போனது போனதுதான். யுனிவர்சிட்டிக்கு நான் ஒரு கடிதம் எழுதலாம். அதைப் படித்துவிட்டு யார் யாருக்குப் பட்டம் கொடுப்பார்கள்?

நீ போனதிலிருந்து டேபிளில் ஓட்டை பீஸ் வந்தால் ஊசியை எடுக்கக் கை வரமாட்டேன் என்கிறது. அம்பை ஒட்டி அப்படியே தள்ளிவிடுகிறேன். சூப்பர்வைசர் திட்டுகிறார். திட்டட்டும்.

ஆறாவது நோட்டின் கடைசியில் என்னுடைய பேட்டி. என்னையும் ஒருநாள் விளையாட வைத்தாயே. இருந்த ஒரே மருந்தை நானே குடித்துவிட்டு, கூட வந்தவனைக் காட்டில் விட்டு ஓடினேன், அவன் செத்துப்போனான். ஆட்டத்தைப் பழைய இடத்துக்கே திருப்பிக் கொண்டுபோ என்று உன்னைக் கெஞ்சினேன். கொண்டுபோனாய். மறுபடி ஆடி அவனைக் காப்பாற்றினேன். என்ன கற்றுக்கொண்டாய் என்று டேப்பில் கேட்டாய். நோட்டில் நான், பொறுமை வேண்டும் என்று கற்றுக்கொண்டேன் என்று முத்து முத்தாக எழுதியிருக்கிறேன். அதன்மேலும் ஒரு அம்பு. பக்கத்தில் பென்சில் எழுத்து இல்லை. உனக்கு ஞாபகம் இல்லையா, இல்லை நானே எழுதட்டும் என்று விட்டாயா, தெரியவில்லை. இனிமேல் தெரியப்போவதும் இல்லை.

இத்தனை அம்புகளில் என்னால் நிரப்ப முடிந்தது அது ஒன்றுதான். பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்து, அன்றைக்கு உன்னிடம் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதினேன்.

"ரெண்டாவது தடவ காப்பாத்திப்போட்டேன், சரி. ஆனா மொதல்ல உட்டுட்டு ஓடுனது நாந்தான புள்ள."