பாட்டு நடுவுக்கு வந்த நாள்

அண்ணி,

இன்று காலை பக்கத்து வீட்டில் புது ஆம்ப்ளிஃபையர் வாங்கி வந்து பிரித்தார்கள். முதன்முதலாகச் சூடாகும் சர்க்யூட் போர்டின் வாசனை சன்னல் வழியே வந்தது. உங்களோடு விழுப்புரத்தில் கடை கடையாக ஏறி இறங்கிய அந்தச் சனிக்கிழமைக்கே போய்விட்டேன்.

திண்டிவனத்தில் உங்கள் வீட்டுப் பழைய ஆம்ப்ளிஃபையர் ஓர் இடிமழையில் கருகிப்போயிருந்தது. ஸ்பீக்கர் இரண்டும் தப்பித்தன. பாட்டைப் போனில் கேட்டால் போதாதா என்றார் அண்ணன். நீங்கள் விடவில்லை. துணைக்கு நாத்தனாரான என்னை இழுத்துக்கொண்டு கிளம்பினீர்கள்.

முதல் கடைக்காரர் எத்தனை வாட்ஸ் வேண்டும் என்று கேட்டார். நீங்கள் வாய் திறப்பதற்குள் நீலமும் சிவப்புமாக விளக்கு எரியும் ஒரு பெட்டியை முடுக்கிவிட்டார். கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. குறைத்து வைக்கச் சொன்னீர்கள். பிடிக்கவில்லை என்று நினைத்து அதைவிடப் பெரிய பெட்டியைக் கொண்டு வந்தார். அடுத்த கடையிலும் இதே கதை. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு உங்கள் பின்னால் நின்றேன்.

பழைய பேருந்து நிலையம் பக்கம் ஒரு சின்னக் கடை. உள்ளூரிலேயே பாகங்களைச் சேர்த்துப் பூட்டிய செட்டுகள், நம் கைக்கு அடங்கும் விலை. அங்கும் அவர் வாட்ஸ் பற்றித்தான் ஆரம்பித்தார். நீங்கள் ஒரு நிமிடம் தரையைப் பார்த்தீர்கள். பிறகு நிமிர்ந்து சொன்னீர்கள்.

"எனக்கு இடது காது பாதிதாங்க கேக்குது. ரெண்டு வருஷமா யாருக்கும் சொல்லாம சமாளிச்சிக்கினு இருக்கேன். அந்தப் பக்கம் மட்டும் கூட்டி வெச்சிக்கிற மாதிரி ஒன்னு குடுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோர்ட்டு எதிரே உங்கள் ஜெராக்ஸ் கடையில் இடப்பக்கம் நின்று கூப்பிட்டவர்கள், திமிர் பிடித்தவள் என்று சொல்லிவிட்டுப் போன பேச்சு நம் வீடுவரை வந்திருந்தது. அதையும் வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறீர்கள்.

கடைக்காரர் வாட்ஸ் பேச்சை விட்டார். மேல் தட்டிலிருந்து விளக்கு ஏதும் இல்லாத ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்தார். இடம், வலம் என்று சத்தத்தைப் பிரித்துக் கூட்டும் பேலன்ஸ் குமிழ் இப்போது வருகிற பல செட்டுகளில் கிடையாது, இதில் இருக்கிறது என்றார். கடையிலிருந்த இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே ஸ்டூல் போட்டு உங்களை உட்காரவைத்தார். உங்கள் போனில் இருந்த பாட்டையே மெல்ல ஓடவிட்டார். நீங்கள் குமிழை இடப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஓரிடத்தில் கையை எடுத்தீர்கள்.

"பாட்டு நடுவுக்கு வந்துடுச்சு. இப்பதான் எனக்கு நேரா உக்காந்துகினு பாடறாரு," என்றீர்கள். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது.

வீட்டில் அண்ணன் கேட்டுவிட்டு, சத்தம் ஒருபக்கமாக இழுக்கிறது, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று குமிழை நடுவில் வைத்தார். நீங்கள் மறுபடி திருப்பிவைத்து, காரணத்தையும் சொன்னீர்கள். அவர் உங்கள் பக்கம் திரும்பினார்.

"அப்போ இத்தனை நாளா நான் சொன்னதெல்லாம்?"

"பாதி கேக்கல. அதனாலதான் சண்டையில்லாம குடும்பம் நடந்துக்கினு இருக்குது."

அண்ணன் சிரித்துவிட்டார். தன் நாற்காலியைத் தூக்கி உங்கள் வலப்பக்கம் போட்டுக்கொண்டார். நீங்கள் எங்களை விட்டுப் போகும்வரை அது அங்கேயேதான் இருந்தது.

எனக்கு இப்போது தூரத்து எழுத்து தெரிவதில்லை, அண்ணி. வெகுநாள் கூச்சப்பட்டு மழுப்பினேன். போன வாரம் பேருந்து நிலையத்தில் உங்களை நினைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற பெரியவரிடம் கேட்டே விட்டேன். "கண்ணு சரியா தெரியலீங்க. அது எந்த ஊர் பஸ்ஸு?"

"எனக்கும் தெரியலம்மா. நீ ஏறனா நானும் ஏறலாம்னு பாத்துக்கினு நிக்கிறேன்," என்றார்.

இருவரும் சிரித்துக்கொண்டே கண்டக்டரைத் தேடிப் போனோம்.