வருகைப் பதிவேட்டில் பதினொரு சனிக்கிழமைகள்

அன்புள்ள பாப்பாவுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு சௌக்கியமாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் இருவர் நினைப்பும். நாங்கள் நலம் என்று ஒரே வார்த்தையில் எழுதிவிடலாம்தான், ஆனால் இந்தத் தடவை அந்த வார்த்தை எழுத மனம் வரவில்லை. போனில் ஏன் சொல்லவில்லை என்று கோபிக்காதே. போனில் சொன்னால் நீ பாதியிலேயே குறுக்கே பேசுவாய், நான் அழுதுவிடுவேன், அப்பா பிடுங்கி ஒன்றுமில்லை என்று சொல்லி வைத்துவிடுவார். கடிதம் என்றால் கடைசி வரைக்கும் படித்துத்தானே ஆக வேண்டும். தபாலில் போட்டால் நாளாகும், எழுதி முடித்ததும் படம் எடுத்துப் போனில் அனுப்பிவிடுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. அப்பாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது, சொட்டு மருந்து விடுகிறேன். ஒரு மாதம் எதையும் படிக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னதால் செய்தித்தாளை நான்தான் உரக்கப் படித்துக் காட்டுகிறேன், கண்ணை மூடிக்கொண்டே என் உச்சரிப்பைத் திருத்துகிறார். பஸ் கண்டக்டர் வேலையை விட்டு ஆறு வருடமாகியும் வீட்டுக்கு நாலு பேர் வந்தால் வாசலில் நின்று தலையை எண்ணுகிற பழக்கம் போகவில்லை. குளியலறைக் குழாய் ஒழுகுவது நின்றபாடில்லை. ஆஸ்பத்திரியில் எங்கள் பதிவறையை இன்னும் கீழ்த்தளத்திலேயேதான் வைத்திருக்கிறார்கள், தூசியில் எனக்கு இருமல் வந்து வந்து போகிறது. இதெல்லாம் பெரிய விஷயமில்லை.

விஷயம் என் படிப்பு. நீ அடுத்த மாதம் என் பரீட்சையும் அப்புறம் பட்டமளிப்பும் என்று கணக்குப் போட்டு, மூன்று வருட விடுப்பைச் சேர்த்து வைத்து எழுதிக் கொடுத்திருக்கிறாயே, அதைத் திரும்ப வாங்கிக்கொள். பரீட்சைக்கு என்னை உட்கார விடமாட்டார்கள். தப்பு என்னுடையது. வேறு யாராவது சொல்லி உனக்குத் தெரிவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தொலைநிலைப் படிப்புக்கு உள்ளூர் வகுப்பு எப்படி நடக்கிறது என்று உனக்குத் தெரியும். சனிக்கிழமை மத்தியானம், அந்தப் பள்ளிக்கூடத்து மாடி அறை, சின்னப் பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சு, எழுந்தால் முட்டி இடிக்கும். டீச்சர் இரண்டு பஸ் மாறி வருகிற பெண், உன்னைவிட வயதில் சின்னவள். வீட்டில் தனியாகப் புத்தகத்தைப் பிரித்தால் ஒரு பக்கத்துக்கு மேல் ஓடாது, அவள் வந்து விளக்கினால் உளவியல் என்பதே பக்கத்து வீட்டுக் கதை மாதிரி ஆகிவிடும். ஆனால் ஒரு விதி இருக்கிறது. வகுப்புக்குப் பத்துப் பேர் வருகை இருக்க வேண்டும், ஒருவர் குறைந்தாலும் உள்ளூர் வகுப்பை எடுத்துவிட்டு ஐந்து மணி நேரம் தள்ளி இருக்கிற மையத்தோடு சேர்த்துவிடுவார்கள். நாங்கள் சரியாகப் பத்துப் பேர். எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள், அவ்வளவு தூரம் யார் போவது? வகுப்புப் போனால் டீச்சருக்கும் வேலை போகும்.

பத்தாவது ஆள் டெய்லர் அண்ணன். போன வருடம் உனக்குப் படம் அனுப்பினேனே, கடைசிப் பெஞ்சில் கழுத்தில் அளவு நாடாவோடு உட்கார்ந்திருப்பாரே, அவர்தான். வாயே திறக்கமாட்டார், எழுதினால் மட்டும் பக்கம் பக்கமாக எழுதுவார். அவர் ஒரு செவ்வாய்க்கிழமை தைக்கிற மெஷின் மேலேயே சாய்ந்து இறந்துபோனார் பாப்பா. நாங்கள் எல்லாரும் போய் வந்தோம். அந்தச் சனிக்கிழமை வகுப்புக்கு வந்த டீச்சர், டெய்லர் சாரைக் காணோமே என்று கேட்டாள். எங்களோடு படிக்கிற, ஆம்புலன்ஸ் ஓட்டுகிற தம்பி சட்டென்று, “ஊருக்குப் போயிருக்கார் மிஸ்” என்று சொல்லிவிட்டான். வகுப்பு முடிகிற நேரத்தில் பதிவேடு கைமாறி என்னிடம் வந்தது. அவர் பெயருக்கு எதிரில் கட்டம் காலியாக இருந்தது. முப்பது வருடமாகப் பதிவறையில் டாக்டர்களின் கிறுக்கலைப் படித்துப் படித்து எந்தக் கையெழுத்தைப் பார்த்தாலும் அது போகிற போக்கு எனக்குப் பிடிபட்டுவிடும். மேலே இருந்த அவருடைய பழைய கையெழுத்துகளைப் பார்த்தேன், கீழே அதே மாதிரி போட்டேன். யோசித்துச் செய்தேன் என்றும் சொல்ல முடியாது, யோசிக்காமல் செய்தேன் என்றும் சொல்ல முடியாது. டீச்சர் பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்தில் அடியில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். அவள் ஒருநாளும் தலையை எண்ணியதில்லை, எங்களை நம்பினாள்.

ஒரு தடவை போட்டால் அடுத்த வாரம் போடாமல் விட முடியாது. இப்படியே பதினொரு சனிக்கிழமை. யாரும் என்னைப் போடச் சொல்லவில்லை, யாரும் போடாதே என்றும் சொல்லவில்லை, பதிவேடு என் பக்கம் வரும்போது எல்லாரும் பையைத் தேடுவார்கள், செருப்பைத் தேடுவார்கள். நடுவில் டீச்சர், டெய்லர் அண்ணன் முன்பே கொடுத்திருந்த கட்டுரையைத் திருத்திக் கொண்டுவந்தாள். வகுப்பிலேயே அதற்குத்தான் அதிக மதிப்பெண். கீழே, “ஊரிலிருந்து வந்ததும் இதைப் பற்றி நீங்கள் வகுப்பில் பேச வேண்டும், உங்கள் குரலை நாங்கள் கேட்டதே இல்லை” என்று எழுதியிருந்தாள். அதை வாங்கி என் பையில் வைத்துக்கொண்டேன். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச வாரம்தானே, முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். இந்தப் பட்டம் கிடைத்தால் என்னை ஆலோசனை அறைக்கு உதவியாளராக மேலே எடுத்துக்கொள்வதாகக் கண்காணிப்பாளர் சொல்லியிருந்தது உனக்குத் தெரியும். ஓய்வுக்கு நாலு வருடம் இருக்கையில், அந்தக் கீழ்த்தளத்தை விட்டு ஏறிவிட வேண்டும் என்கிற ஒரே வெறி. அது என் கண்ணை மறைத்துவிட்டது.

போன மாதக் கடைசியில் டெய்லர் அண்ணன் வீட்டுக்குப் பரீட்சை நுழைவுச்சீட்டு போய்ச் சேர்ந்திருக்கிறது. அவர் மனைவி அது என்னவென்று தெரியாமல் வகுப்பு நடக்கிற பள்ளிக்கூடத்தில் திருப்பிக் கொடுக்க வந்தார். நாங்கள் மாடி ஏறிக்கொண்டிருந்தோம். அலுவலகத்தில் இருந்த எழுத்தர், “வகுப்புக்குத் தவறாம வர்றாரே, அவரையே வரச் சொல்லுங்கம்மா” என்று சொல்லிப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். அந்த அம்மா விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாக நகர்த்தினார். தேதியைப் படித்தார். பிறகு, “இது அவர் கையெழுத்துதான்” என்றார். எழுத்தரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். “அப்ப எங்க வீட்ல நடந்தது என்ன?” என்று கேட்டார். அவருக்கு உண்மையில் ஒரு நொடி குழம்பித்தான் போயிற்று, அதை நான் என் கண்ணால் பார்த்தேன். அப்புறம் தெளிந்து, அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துத் தர முடியுமா என்று எழுத்தரிடம் கெஞ்சினார். எங்கள் மூன்றாம் வருடப் புத்தகத்தில் துக்கத்துக்கு ஒரு தனி அலகே இருக்கிறது, கேட்டால் பத்து மதிப்பெண்ணுக்கு மூச்சு விடாமல் எழுதுவேன். அந்த அம்மா முன்னால் எனக்கு ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை.

அதோடு வகுப்பு நின்றது, ஒன்பது பேர் நுழைவுச்சீட்டையும் நிறுத்தி வைத்துவிட்டார்கள். விசாரணை. இதில் பெரிய கொடுமை என்னவென்றால், பழி டீச்சர் மேல் விழுந்திருக்கிறது. வகுப்பு நடந்தால் யாருக்கு லாபம், டீச்சருக்குத்தானே, அதனால் அவளே போட்டிருக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஆம்புலன்ஸ் தம்பி எல்லாரையும் ஒரு டீக்கடையில் கூட்டி, “யாரும் வாயத் திறக்காதீங்க, நமக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டா சீட்டைக் கொடுத்துடுவாங்க” என்று சொன்னான். மற்ற ஏழு பேரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன், பொய் சொல்லமாட்டேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவரும், “சின்னப் பொண்ணு, வேற வேலை கிடைக்கும், உனக்கு வயசு திரும்புமா?” என்று கேட்டார். ஐந்து நாள் அப்படியே இருந்தேன். ஆறாம் நாள் ஆஸ்பத்திரி பஸ் நிறுத்தத்தில் டீச்சரைப் பார்த்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அருகில் வந்து, “அவர் இறந்துட்டாராம்மா? என்கிட்ட ஒருத்தருமே சொல்லலையே. நான் அவருக்குப் பேசச் சொல்லி எழுதினேனே” என்று கேட்டாள், கேட்டுவிட்டு அழுதாள். வேலை போகிறது என்று அவள் அழவில்லை. அவளுக்கு ஆறுதல் சொல்லக் கையை நீட்டினேன், எந்தக் கை என்று நினைத்ததும் இழுத்துக்கொண்டேன்.

அதனால் புதன்கிழமை அரைநாள் விடுப்பு போட்டு, விசாரணை அலுவலர் முன்னால் போய் நின்றேன். நான்தான் போட்டேன் ஐயா என்று சொன்னேன். உண்மையைச் சொன்னால் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்தேன் பாப்பா, உன் அம்மா எவ்வளவு படித்தும் அவ்வளவுதான். அவர் ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளி, எங்கே போட்டுக் காட்டுங்கள் என்றார். மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதிவேட்டில் மேலே அவர் கையெழுத்து இருக்கும், அதைப் பார்த்த மாத்திரத்தில் என் கை தானாகப் போகும். வெறும் தாளில் வரவில்லை. மூன்று தடவை போட்டேன், மூன்றும் என் கையெழுத்தாகவே வந்து நின்றது. அவர் சிரித்துவிட்டு, “டீச்சர் மேல இவ்வளவு பாசமா? உங்க வயசுக்குப் பொய் சொல்லலாமா?” என்று கேட்டார். பதினொரு வாரம் பொய்யை ஒருவரும் கேட்கவில்லை, ஒரு நாள் உண்மையை நம்ப ஆளில்லை. காலில் விழாத குறையாகக் கேட்டேன். திங்கட்கிழமை முடிவு எழுதுகிறோம், வேண்டுமானால் அன்றைக்கு இன்னொரு தடவை வந்து பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து நடந்ததை அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன். மறுநாள் காலை அவர் அலமாரியைத் திறந்து, படிக்கக்கூடாத கண்ணை வைத்துக்கொண்டு எதையோ துழாவினார். பழைய கால்சட்டை ஒன்றின் பையிலிருந்து தையல்கடைச் சீட்டை எடுத்து மேஜையில் வைத்துவிட்டுப் போனார். இடுப்பளவு, கால் நீளம், கீழே டெய்லர் அண்ணன் கையெழுத்து.

மூன்று நாளாக அதை முன்னால் வைத்துக்கொண்டு எழுதிப் பழகுகிறேன். பரீட்சைக்கென்று நீ அனுப்பிய நோட்டில்தான் எழுதுகிறேன், வேறு தாள் இல்லை. முதல் எழுத்தின் வளைவு கத்தரிக்கோல் பிடி மாதிரி இருக்கும், அதைச் சுற்றி வெளியே வரும்போதுதான் எனக்குத் தப்புகிறது. இன்றைக்குக் காலையில் சீட்டை மூடி வைத்துவிட்டுப் போட்டேன், அச்சாக வந்துவிட்டது. சந்தோஷத்தில் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கிட்ட வைத்துப் பார்த்துவிட்டு, வந்துடுச்சு என்றார். அப்புறம் இரண்டு பேரும் உட்கார்ந்து அழுதோம். என்னை நம்பிவிட்டால் டீச்சர் தப்புவாள், எனக்கு மூன்று வருடத் தடை, அது முடிந்து பரீட்சை எழுதிப் பட்டம் வாங்குவதற்குள் ஓய்வும் வந்துவிடும், கீழ்த்தளத்திலேயே முடிந்துவிடும். மற்ற எட்டுப் பேருக்கு என்ன ஆகும் என்று தெரியவில்லை, அவர்கள் என்னோடு பேசுவதில்லை. நம்பாவிட்டால் என்ன செய்வேன் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. டெய்லர் அண்ணன் வீட்டுக்கு இன்னும் போகவில்லை, அந்தக் கட்டுரை என் பையில்தான் இருக்கிறது. போக வேண்டும், எந்த முகத்தோடு என்று தெரியவில்லை.

நீ உன் வேலையிடத்தில் எல்லாரிடமும் அம்மா பட்டம் வாங்கப்போகிறாள் என்று பெருமையாகச் சொல்லி வைத்திருப்பாய். மெதுவாக ஏதாவது சொல்லிக்கொள், ஆனால் பொய் மட்டும் சொல்லாதே, ஒன்று சொன்னால் பதினொன்று ஆகும். குளிரில் தலைக்குத் துணி கட்டாமல் வெளியே போகாதே. பல்வலிக்கு மாத்திரை போட்டுச் சமாளிக்காமல் டாக்டரிடம் காட்டு. விடுப்பை ரத்து செய்ய மறந்துவிடாதே. நீ எங்கே இருந்தாலும் உன் தலை நிமிர்ந்தே இருக்க வேண்டும், நோய் நொடி இல்லாமல் நிறைய காலம் இருக்க வேண்டும் என்று அம்மாவும் அப்பாவும் மனசார வாழ்த்துகிறோம்.

என் பரீட்சை நாளில் வேண்டிக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தாயே, அதைத் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மாற்றிக்கொள். செத்தவர் கையெழுத்து எனக்குப் பிசகாமல் வர வேண்டும் என்று வேண்டிக்கொள்.

இப்படிக்கு,
உன் மேல் உயிரையே வைத்திருக்கும்
அம்மா