நீங்கள் கடைசியாகச் சொன்ன பாஸ்

என் மாமாவுக்கு, ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் எனக்கு எதிரே உட்கார்ந்தவருக்கு,

நீங்கள் போன பிறகும் நம் வீட்டில் யாரோ "பாஸ்" என்கிறார்கள். கோழிகளுக்குத் தீவனம் வைத்துவிட்டு உள்ளே வந்தால் கேட்கிறது. பால் பொங்கும்போது முதுகுக்குப் பின்னால் கேட்கிறது. உங்கள் குரலேதான். திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. பயமாக இல்லை மாமா, கோபம்தான் வருகிறது. வந்ததுதான் வந்தீர்கள், வேறு ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவீர்கள்?

உங்களுக்குப் பேச்சில் எப்போதும் சிக்கனம். கல்யாணமான புதிதில் குழம்பு நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் "ம்" என்பீர்கள். நன்றாக இல்லையா என்றாலும் "ம்". சீட்டு வந்த பிறகுதான் உங்களோடு எனக்குப் பேச்சே வாய்த்தது. கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் ஊசி போட வந்த கால்நடை டாக்டருக்கும் அவர் வீட்டம்மாவுக்கும் பிரிட்ஜ் ஆடத் தெரிந்திருந்தது. நீங்கள் கோயமுத்தூரில் படித்தபோதே கற்றவர். நாலாவது கைக்கு ஆள் கிடைக்காமல் என்னைப் பிடித்து உட்கார வைத்தீர்கள். நாமக்கல் பூராவும் சிரித்தது. "பொண்டாட்டியக் கூட்டி வெச்சுச் சீட்டாடறானாமா" என்றார்கள்.

இதைப் படிக்கிறவர்களுக்காக ஒன்று சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த ஆட்டத்தில் எதிரெதிரே இருப்பவர்கள் ஒரு கட்சி. எத்தனை பிடி எடுப்போம், அதாவது எத்தனை சுற்று ஜெயிப்போம் என்று ஏலம் கேட்கிற மாதிரி மாற்றி மாற்றி ஏற்றிக் கேட்க வேண்டும். மேலே ஏற்றாமல் விடுவதென்றால் "பாஸ்", எதிர்க்கட்சி கேட்டதை எடுக்க முடியாது என்று அடிப்பதென்றால் "டபுள்". வேறு பேச்சுக் கூடாது, கண்ணைக் காட்டக் கூடாது. நீங்கள் கேட்பதை வைத்தே உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று நான் கண்டுபிடித்தாக வேண்டும். கட்டிய புருஷனைப் புரிந்துகொள்ள எந்தப் பெண்ணாவது இவ்வளவு பாடுபட்டிருப்பாளா? ஆனால் எனக்கு அது பிடித்துப்போனது. வாரம் முழுக்கப் பேசாமல் வைத்திருந்ததையெல்லாம் "ரெண்டு ஆர்ட்டின்" என்பதில் சொல்லிவிடுவீர்கள்.

ஒரு நாள் நாம் ஏறி ஏறி நாலு ஆர்ட்டின் வரைக்கும் போய்விட்டோம். டாக்டர் விடாமல் அதற்கும் மேலாக "நாலு ஸ்பேட்" என்றார். நீங்கள் "பாஸ்" என்றீர்கள். மாமாவிடம் சரக்கு தீர்ந்துவிட்டது போல என்று நானும் பாஸ் சொல்லிவிட்டேன். ஆட்டம் முடிந்து நீங்கள் சீட்டைக் காட்டியபோது பார்த்தால், ஏஸும் ராஜாவுமாக நல்ல கை. டாக்டரிடம்தான் பெரிய சீட்டு ஒன்றுமே இல்லை. நம்மைக் கெடுக்கத்தான் கேட்டிருக்கிறார். அவர்கள் கிளம்பியதும் சொன்னீர்கள்.

"அவ்வளவு தூரம் ஏறி வந்தப்பறம் நான் பாஸ் சொன்னா, ஆட்டத்த உட்டுட்டேன்னு அர்த்தமில்ல புள்ள. உன்கிட்ட உட்டுட்டேன்னு அர்த்தம். மேல ஏறு, இல்லாட்டி டபுள் சொல்லி அடி. சும்மா மட்டும் உட்றாத."

"இத மின்னாடியே வாயத் தொறந்து சொல்றதுக்கென்னங்க?" என்று கேட்டேன். அதற்கும் "ம்" தான்.

சேலத்து ஆஸ்பத்திரியில் உங்கள் தலைக்குள் கட்டி என்றார்கள். மெட்ராஸுக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்தால் பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம். வீட்டுக்குக் கூட்டிப்போனால் சில மாதம் இருப்பார் என்றார் அங்கிருந்த டாக்டர். உங்கள் அண்ணன், பெரிய மாமா, கட்டிலின் அந்தப் பக்கம் நின்றார். "என்னங்க மாமா பண்றது?" என்று குனிந்து கேட்டேன். என் முகத்தையே பார்த்தீர்கள். "பாஸ்" என்றீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் யாரோடும் பேசவில்லை.

"போதும்ங்கறான் அம்மிணி. ஊட்டுக்குக் கொண்டு போயிரலாம். நம்ம தோட்டங்காட்டப் பாத்துக்கிட்டே போகட்டும்" என்றார் பெரிய மாமா.

அவர் பேச்சை நான் கேட்கவில்லை. சும்மா விடாதே என்று சொன்னவர் நீங்களாயிற்றே. ரயில் ஏற்றினேன். ஆபரேஷன் மேசையிலிருந்து நீங்கள் எழுந்திருக்கவே இல்லை. வேனில் உங்களை ஊருக்குக் கொண்டுவந்தபோது பெரிய மாமா என் முகத்தைப் பார்க்கவில்லை.

இப்போது பண்ணையை நான்தான் பார்க்கிறேன். முட்டை ஏற்ற வருகிற லாரிக்காரர், உங்களைவிட நான் கறார் என்கிறார். டாக்டர் மாற்றலாகிப் போய்விட்டார். எல்லாம் நடக்கிறது. ஆனால் ஆட்டம் முடிந்ததும் சீட்டைக் காட்டுகிறவர் இந்த ஒரு தடவை காட்டாமலே போய்விட்டீர்களே மாமா. என்னிடம் விட்டீர்களா? இல்லை, வலி தாங்காமல், ஊர் உலகம் சொல்கிற மாதிரி போதும் என்றுதான் சொன்னீர்களா? நான்தான் சீட்டாடிச் சீட்டாடி, சாகப்போகிற மனுஷன் பேச்சையும் ஆட்டமாக எடுத்துக்கொண்டேனா?

போன வாரம் பெரிய மாமா வந்தார். கருமாதிக்குப் பிறகு இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவர். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"ஒண்ணு கேக்கோணும் அம்மிணி. ஆபரேசன் பண்ணச் சொல்லி அவன் உன்கிட்டச் சொன்னானா?"

"ஆமாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் வாயும் ஊர் வாயும் அடைபட்டிருக்கும். எனக்கு வரவில்லை.

"சொல்லலீங்க மாமா. என்கிட்ட உட்டுட்டாருங்க. நாந்தான் முடிவு பண்ணுனனுங்க."

திட்டுவார் என்று நின்றேன். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"கூடப் பொறந்தவன். இத்தன வருசத்துல எங்கிட்ட ஒண்ணையுமே உட்டதில்ல அம்மிணி" என்றார்.

அவர் உள்ளே வந்து உட்கார்ந்தார். சோறு போட்டேன், சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். அவர் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, உங்களுக்காக முதல் தடவை வாய்விட்டு அழுதேன்.

இனிமேல் உங்களைக் கேட்க மாட்டேன் மாமா, இது சத்தியம். நீங்கள் போதும் என்றே சொல்லியிருந்தாலும் சரி, மெட்ராஸுக்குக் கூட்டிப்போனது நான். அந்தப் பாரத்தை நானே சுமக்கிறேன், நீங்கள் எதற்கும் பதில் சொல்ல வேண்டாம். வரவேண்டும் என்று தோன்றினால் வாருங்கள். பேசாமல் உட்கார்ந்திருங்கள், நான் பாட்டுக்கு என் வேலையைப் பார்க்கிறேன்.

உங்கள் மாமன் மகள்,
உங்கள் வீட்டுக்காரி